தாழ்ப்பாள் மட்டும் போட்ட வீடு

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்து வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதா? கூப்பிட்டு, 'கிரீப்பர்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். 'உஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி சீறிக் காட்டினாலும் ஆச்சரியமில்லை.

கிரீப்பர் என்பது மைன்கிராஃப்ட் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஒரு பச்சை பூதம். கை கிடையாது. நாலு குட்டைக் கால். அதன்மேல் தூண் மாதிரி நெட்டுக்குத்தாக ஓர் உடம்பு. மேலே சோகமாக ஒரு முகம். சத்தமே போடாமல் பின்னால் வந்து நிற்கும். சீறும். வெடிக்கும். நாள் பூராவும் உட்கார்ந்து நீங்கள் கட்டிய வீட்டில் ஒரு பக்கத்துச் சுவர் போயே போச்சு.

டி-ஷர்ட்டில் இருக்கிறது, ஸ்கூல் பையில் இருக்கிறது, பிறந்த நாள் கேக்கில்கூட இருக்கிறது. யார் மூளையில் உதித்த பூதம் இது?

யார் மூளையிலும் இல்லை. அது ஒரு பன்றி.

நிஜமாகத்தான். 2009-ல் மார்க்கஸ் பெர்சன் என்கிற ஸ்வீடன் தேசத்து இளைஞர், தன் விளையாட்டில் விடுவதற்காக ஒரு பன்றி செய்ய உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் பன்றி செய்வது என்றால் களிமண்ணா? எண்கள்தான். நீளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு. மனுஷன் நீளம் போட வேண்டிய இடத்தில் உயரத்தையும், உயரம் போட வேண்டிய இடத்தில் நீளத்தையும் போட்டுவிட்டார். படுக்கைவாட்டில் இருக்க வேண்டிய உடம்பு எழுந்து நின்றுவிட்டது.

வேறு யாராவது என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தியிருப்பார்கள். பெர்சன் பார்த்தார். அடடே, இது நன்றாக பயமுறுத்துகிறதே! பச்சைத் தோல் போர்த்தி, வெடிக்கவும் கற்றுக்கொடுத்து உள்ளே விட்டுவிட்டார். பன்றியைத் தனியாக இன்னொரு தடவை செய்துகொண்டார்.

மைன்கிராஃப்டின் மொத்த சரித்திரமும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தவறு நடக்கிறது. அழிக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். அதுவே அடையாளமாகிவிடுகிறது. ஆனால், தவறுகளை மட்டுமா உள்ளே விட்டார்கள்? ஆட்களையும் விட்டார்கள். பிரச்னை அங்கேதான் ஆரம்பம்.

* * *

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மைன்கிராஃப்டில் கதை கிடையாது. ஜெயிப்பது, தோற்பது என்கிற கட்டாயம் கிடையாது. ஓர் உலகம் இருக்கிறது. அந்த உலகம் முழுக்க சதுரக் கட்டைகளால் ஆனது. மண் ஒரு கட்டை, கல் ஒரு கட்டை, மரம் நாலைந்து கட்டை. வெட்டி எடுக்கலாம், வேறு இடத்தில் வைக்கலாம், கட்டலாம். ராத்திரியானால் பூதங்கள் வரும். அவ்வளவுதான் விஷயம்.

பெரிய கம்பெனி தயாரிப்பு இல்லை. பகலில் ஓர் ஆபீஸில் புரோகிராமர் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பெர்சன் ஒற்றை ஆளாக எழுதியது. 2009 மே 17-ம் தேதி முதல் வடிவத்தை இணையத்தில் வெளியிட்டார். அடுத்த மாதமே காசுக்கு விற்க ஆரம்பித்தார். விளையாட்டு அப்போது பாதிகூட முடிந்திருக்கவில்லை. 'முடிக்காத வீடுதான். இப்போதே குடிவந்தால் வாடகை கம்மி' என்கிற மாதிரி ஒரு வியாபாரம்.

இங்கே இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கர். பெயர் சாக்கரி பார்த். மைன்கிராஃப்ட் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே 2009-ல், இன்ஃபினிமைனர் என்றொரு விளையாட்டை வெளியிட்டிருந்தார். அதே சதுரக் கட்டைகள். அதே தோண்டல். இரண்டு அணிகள் போட்டி போட்டுச் சுரங்கம் வெட்ட வேண்டும் என்பது பார்த்தின் எண்ணம். ஆடியவர்களோ போட்டியை மறந்துவிட்டு வீடு கட்ட உட்கார்ந்துவிட்டார்கள். பெர்சன் இதைப் பார்த்தார். இதுதான் தனக்கு வேண்டியது என்று முடிவு செய்தார். இன்ஃபினிமைனர் பார்த்துத்தான் தனக்குப் பொறி தட்டியது என்பதை அவர் மறைத்ததும் இல்லை.

அப்படியென்றால் இன்று உலகமே ஆடவேண்டியது இன்ஃபினிமைனர் அல்லவா? ஏன் அதன் பெயரே யாருக்கும் தெரியவில்லை?

காரணம், பார்த் தன் வீட்டைப் பூட்டவே இல்லை.

கொஞ்சம் டெக்னிகல் சமாசாரம். பயப்படாதீர்கள். ஒரு புரோகிராமை எழுதுகிறவர் மனுஷ பாஷைக்கு நெருக்கமான ஒரு மொழியில் எழுதுவார். 'பன்றி நடக்கட்டும்', 'சுவர் இடியட்டும்' என்று ஒவ்வொரு பகுதிக்கும் அர்த்தமுள்ள பெயர் இருக்கும். பிறகு அது கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாறி வெளியே போகும். பார்த்தும் சரி, பெர்சனும் சரி, பயன்படுத்திய மொழிகளில் ஒரு வசதி, அல்லது அசௌகரியம் உண்டு. வெளியே போன வடிவத்திலிருந்து மூலத்தைக் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப எடுத்துவிட முடியும். அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்கிற வித்தை.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. வெளியே அனுப்பும் முன் அத்தனை பெயர்களையும் அழித்துவிட்டு 'அ', 'ஆ', 'இ' என்று அர்த்தமில்லாத எழுத்துகளைப் போட்டுவிடுவது. அப்ஃபஸ்கேஷன் என்று வாயில் நுழையாத பெயர். குழப்பியடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குக் கவலையில்லை, அது பாட்டுக்கு ஓடும். பிரித்துப் படிக்கிற மனிதனுக்குத்தான் தலை சுற்றும்.

பார்த் இதைச் செய்யவில்லை. வெளியிட்ட ஒரு மாதத்துக்குள் ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு மாற்றம். ஆளாளுக்கு ஒரு வடிவம். ஒருவர் வைத்திருந்த இன்ஃபினிமைனர் இன்னொருவர் வைத்திருந்ததோடு சேரவில்லை. சேர்ந்து ஆட வேண்டிய விளையாட்டில் சேர்ந்து ஆட முடியவில்லை. போதாக்குறைக்கு ஏமாற்று வேலைகள். பார்த் கையை உதறினார். மூலத்தை அதிகாரபூர்வமாகவே எல்லோருக்கும் திறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பெர்சன் குழப்பியடித்தார். ஆனால், அதை எத்தனை நாள் யார் மதித்தார்கள் என்பதுதான் அடுத்த கதை.

* * *

மைன்கிராஃப்ட் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைலாகத்தான் வந்து உட்காரும். ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம் என்பதால் 'ஜார்' என்று முடியும் ஃபைல். பார்க்க ஏதோ பெரிய பெட்டகம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு ஸிப் ஃபைல். மெயிலில் போட்டோ அனுப்பும்போது சுருட்டி அனுப்புவோமே, அதே சங்கதி. வின்ரார் இருந்தால் போதும், திறந்துவிடலாம்.

திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள். படங்கள் எல்லாம் சாதாரண படங்களாகவே இருந்தன. பெயிண்ட் புரோகிராமில் பன்றிக்கு நீலச்சாயம் பூசி, திரும்ப உள்ளே வைத்தால் விளையாட்டில் நீலப் பன்றி நடமாடும். குழந்தைகளே செய்தார்கள்.

அடுத்த கட்டம் புரோகிராமையே மாற்றுவது. இப்படி மாற்றியதை 'மாட்' என்பார்கள். மாடு இல்லை. மாடிஃபிகேஷன் என்பதன் சுருக்கம். யாரோ ஒருவர் எழுதிய மாட் ஃபைல்களை இழுத்து அந்த ஜாருக்குள் போட வேண்டும். போட்டுவிட்டு விளையாட்டை ஆரம்பித்தால் என்ன வரும்?

கறுப்புத் திரை. ஒன்றுமே வராது.

அந்தக் காலத்து மைன்கிராஃப்ட் பிள்ளைகளுக்கு இதற்கு மருந்து மனப்பாடம். ஜாருக்குள் 'மெட்டா-இன்ஃப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் தூக்கிக் கடாசு! அந்த ஃபோல்டரில்தான் ஒவ்வொரு ஃபைலின் கைரேகையும் பதிவாகியிருக்கும். ஃபைல் மாறினால் கைரேகை பொருந்தாது. ஜாவா சந்தேகப்பட்டு மறுத்துவிடும். பதிவேட்டையே கிழித்துப் போட்டுவிட்டால்? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே வா ராஜா என்று விட்டுவிடும்.

இதைப் பூட்டு என்று எப்படிச் சொல்வது? பூட்டுக்குச் சாவி வேண்டும். இதற்கு விரல் போதும். தாழ்ப்பாள்.

அப்ஃபஸ்கேஷன்? அதையும் உடைத்தார்கள். 2010-ல் சில ரசிகர்கள் சேர்ந்து மாட் கோடர் பேக் என்கிற கருவித் தொகுப்பை உருவாக்கினார்கள். 'அ' என்று இருக்கிறதா, அது எங்கே பயன்படுகிறது, என்ன செய்கிறது என்று துப்பறிந்து, 'இது பன்றி', 'இது கதவு' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சூட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள். சம்பளம் கிடையாது. சரி, ஒருவழியாக முடித்தாயிற்று என்று நிமிர்ந்தால், பெர்சன் புது வடிவம் ஒன்றை வெளியிடுவார். எழுத்துகள் எல்லாம் மறுபடி இடம் மாறியிருக்கும். முதலிலிருந்து ஆரம்பி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். இன்ஃபினிமைனர் சிதறிப்போனது. மைன்கிராஃப்ட் சிதறவில்லை. ஏன்? புது வடிவம் வரும்போதெல்லாம் பழைய மாட்கள் செத்துப்போயின. பெர்சனோ அடிக்கடி புது வடிவம் வெளியிடுகிற ஆள். ஆகவே எவ்வளவு தூரம் போனாலும் எல்லோரும் அசலுக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. திறந்த வீடும் பாழ். இரும்புப் பூட்டு போட்டால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெறும் தாழ்ப்பாள்தான் இரண்டுக்கும் நடுவே சரியாக வேலை செய்தது. திட்டம் போட்டுச் செய்ததா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரீப்பர் மாதிரிதான்.

* * *

உள்ளே நுழைந்தவர்கள் என்ன கண்டார்கள்? ஒரு தனிமனிதன் அவசரத்தில் எடுத்த முடிவுகளைக் கண்டார்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. மைன்கிராஃப்ட் உலகத்தைக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகத்தான் கையாளும். அப்போது ஒரு துண்டு என்பது 16-க்கு 16 கட்டை, உயரம் 128 கட்டை. மொத்தம் 32,768 கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் மண்ணா, கல்லா, தண்ணீரா என்று எழுதி வைக்க வேண்டும். பெர்சன் இதற்கு ஒரு கட்டைக்கு ஒரு பைட் ஒதுக்கினார். ஒரு பைட்டில் 256 எண்கள்தான் எழுத முடியும். ஆக, பிரபஞ்சத்தில் மொத்தமே 256 வகைப் பொருள்தான்.

தனி ஒருவருக்கு இது தாராளம். ஆனால், ஆயிரம் பேர் ஆளுக்கொரு புதுக் கட்டை கண்டுபிடித்தால்? நான் என் தாமிரத்துக்கு 150 என்று எண் கொடுத்திருப்பேன். நீங்கள் உங்கள் தக்காளிச் செடிக்கு அதே 150-ஐக் கொடுத்திருப்பீர்கள். இரண்டு மாட்களையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் அடிதடி. பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் ரிசர்வேஷன் வைத்திருக்கிற கதை. விளையாட்டு அப்படியே படுத்துவிடும். பிள்ளைகள் நோட்பேடைத் திறந்து, 'நீ 150-ல் இரு, நீ 181-க்குத் தள்ளிப் போ' என்று கண்டக்டர் வேலை பார்த்தார்கள்.

இன்னொன்று, சேமிக்கிற விதம். ஆரம்பத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஃபைல். கொஞ்ச தூரம் நடந்து திரும்பினாலே டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள். மூட்டை அரிசியைப் பிடி பிடியாகத் தனிப் பொட்டலம் கட்டி அடுக்கினால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் பொட்டலம் தேடியே களைத்துப்போகும்.

ரசிகர் ஒருவர் இதைச் சகிக்க முடியாமல் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். 32-க்கு 32, அதாவது 1,024 துண்டுகளைச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று மூட்டையின் வாயிலேயே ஒரு பட்டியல் ஒட்டிவிடுவது. மெக்ரீஜன் என்று பெயர். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. 2011 பிப்ரவரியில் இந்த ஏற்பாட்டை மைன்கிராஃப்ட் தனக்கே எடுத்துக்கொண்டது. அதற்குள் பெர்சன் உத்தியோகத்தை விட்டுவிட்டு, மொஜாங் என்று ஒரு கம்பெனியும் ஆரம்பித்திருந்தார். உலகத்தின் உயரம் 128-லிருந்து 256 ஆனது 2012 மார்ச்சில். அப்போது வந்த புது முறையும் அந்த ரசிகரின் மூட்டைமேல் எழுந்ததுதான்.

இதோடு நிற்கவில்லை. கட்டைகளைத் தள்ளுகிற பிஸ்டன் ஒரு ரசிகரின் மாட். 2011-ல் அதை அடிப்படையாக வைத்து மொஜாங் விளையாட்டுக்குள்ளேயே பிஸ்டனைச் சேர்த்தது. குதிரைகள் 2013-ல் வந்தன. அவையும் ஒரு மாட்காரரின் உதவியோடு வந்தவைதான்.

பிஸ்டனில் ஒரு வேடிக்கை. மின்சாரம் மாதிரி ஒரு சிவப்புத் தூள் உண்டு விளையாட்டில். அதை வைத்து பிஸ்டனை இயக்கலாம். நியாயமாக பிஸ்டனுக்கு மின்சாரம் வந்தால்தானே நகர வேண்டும்? இது, தனக்கு மேலே இருக்கிற காலி இடத்துக்கு மின்சாரம் வந்தாலே நகரும். மாடி வீட்டில் ஸ்விட்ச் போட்டால் கீழ் வீட்டில் ஃபேன் சுற்றுகிற மாதிரி. பார்த்தால் அப்பட்டமான கோளாறு. ஆனால் அதற்குள் விளையாட்டுக்காரர்கள் அந்தக் கோளாறை வைத்தே கால்குலேட்டர்வரைக்கும் கட்டிவிட்டார்கள். இனி திருத்தினால் அத்தனையும் நாசம். கோளாறு என்று வந்த புகாருக்கு மொஜாங் கொடுத்த தீர்ப்பு: இது இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். கேஸ் முடிந்தது.

* * *

தவறுகளிலேயே அழகான தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பாவம்.

மைன்கிராஃப்ட் உலகத்துக்கு எல்லையே இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். நீங்கள் நடக்க நடக்க, முன்னால் மலையும் காடும் அந்தந்த நிமிஷம் கணக்குப் போட்டு உருவாகும். ஆனால், கம்ப்யூட்டர் போடுகிற கணக்குக்கு எல்லை உண்டே! பெர்சன் பயன்படுத்திய வகையில் ஓர் எண்ணின் உச்சவரம்பு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. மலை கட்டுகிற சூத்திரத்தில், நீங்கள் ஒரு கட்டை தூரம் நடந்தால் கணக்கு சுமார் 171 நகரும். வகுத்துப் பாருங்கள். சுமார் 1 கோடியே 25 லட்சத்து 50 ஆயிரம் கட்டை தாண்டினால் உச்சவரம்பு வந்துவிடும்.

அங்கே என்ன ஆகும்? ஓர் ஆட்டோ மீட்டர் உச்ச எண்ணைத் தொட்டதும் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஓடுகிறது. மீட்டர் ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஏறிக்கொண்டே போகிறது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சூத்திரம் மேடா, பள்ளமா என்று தீர்மானிக்கிறது. அது இஷ்டத்துக்கு ஏறினால் சூத்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது. அமைதியான புல்வெளி திடீரென்று முடிந்து, வானத்து உச்சிவரை ஒரு சுவர். சுவர் முழுக்க கறையான் புற்று மாதிரி துவாரங்கள், குகைகள், அடுக்குகள். ஃபார் லேண்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தூர தேசம்.

ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பது கணக்கு. ஆக 12,550 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவே 12,700-க்குக் கொஞ்சம் மேலேதான். சோறு, தண்ணீர், தூக்கம் எதுவுமில்லாமல் விளையாட்டில் நடந்தாலே 800 மணி நேரத்துக்கு மேல். ஒரு மாசம் தாண்டும். யார் போகப் போகிறார்கள்? பெர்சன் இதைத் தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தார். 2011 மார்ச்சில் இந்தக் குறையை அவரே எழுதி விளக்கவும் செய்தார்.

அந்த மாதமே ஒருவர் கிளம்பிவிட்டார். கர்ட் ஜே. மேக் என்கிற பெயரில் இயங்கும் அமெரிக்கர். ஃபைலை மாற்றினால் ஒரே விநாடியில் அங்கே போய்க் குதித்துவிடலாம். அவருக்கு அது வேண்டாம். கால்நடையாகத்தான் போவேன் என்று நடக்க ஆரம்பித்தார். நடந்ததை வீடியோவாக வெளியிட்டார். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் குழந்தைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டினார். லட்சக்கணக்கான டாலர் சேர்ந்தது. கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தார்.

2011 செப்டம்பரில் வந்த புது வடிவத்தில் சூத்திரத்தைச் சரிசெய்துவிட்டார்கள். சுவர் காணாமல் போனது. கர்ட் என்ன செய்தார் தெரியுமா? புது வடிவத்துக்கு மாறவே இல்லை. எல்லோரும் திருத்திய உலகத்துக்குப் போய்விட, அவர் மட்டும் பழைய வடிவத்தில், தவறு இன்னமும் உயிரோடு இருக்கிற உலகத்தில், வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தார். தொலைவு ஏற ஏற எண்களின் துல்லியம் குறைந்து, கட்டைகள் கிடுகிடுவென்று நடுங்கும். அதுவும் ஒரு பக்தான். ஆனால், அவருக்கு அது மைல்கல். நடுக்கம் அதிகமானால் ஊர் நெருங்குகிறது என்று அர்த்தம்.

* * *

இதுவரை சொன்னது இனிப்பு. இனி கொஞ்சம் கசப்பு.

நண்பர்கள் பத்துப்பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் ஒரு கம்ப்யூட்டர் நடுவில் நின்று எல்லோரையும் இணைக்க வேண்டும். சர்வர். மொஜாங் கொடுத்த சர்வர் சாஃப்ட்வேர் சுமார் ரகம். யாராவது விஷமம் செய்தால் கட்டுப்படுத்த அதிகம் வழியில்லை. 2010 கடைசியில் ரசிகர்கள் சிலர் பக்கெட் என்றொரு திட்டம் ஆரம்பித்தார்கள். மொஜாங்கின் சர்வரைப் பிரித்து, மேலே தங்கள் வேலையைச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் புது வசதிகளைச் செருகிக்கொள்கிற மாதிரி மாற்றினார்கள். உலகம் பூராவும் பரவிவிட்டது.

விதிப்படி இது சரியா? பெர்சன் வைத்த விதி எளிமையானது. நீங்களே சொந்தமாக எழுதிய மாட் உங்களுடையது. ஆனால், எங்கள் விளையாட்டை, மாற்றிய வடிவத்தில்கூட, நீங்கள் விநியோகம் செய்யக்கூடாது. பக்கெட்டுக்குள் மொஜாங்கின் கோட் இருந்தது. விதிப்படி தப்பு. மொஜாங் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாதது மட்டுமா? 2012 பிப்ரவரியில் பக்கெட்டின் முக்கியஸ்தர்கள் நாலு பேரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கெட் தொடர்ந்தது. புதிய தன்னார்வலர்கள் இரவெல்லாம் கண்விழித்து எழுதினார்கள், இது நம் பொதுச் சொத்து என்கிற நினைப்பில். 2014 ஆகஸ்டில் திட்டத்தை நடத்தியவர் களைத்துப்போய் மூடிவிடலாம் என்று அறிவித்தார். அப்போது மொஜாங் ஒரு குண்டைத் தூக்கிப்போட்டது. மூட உங்களுக்கு உரிமையில்லை. நாலு பேரை எடுத்தபோதே பக்கெட்டும் எங்களுடையதாகிவிட்டது.

ஆக, இரண்டு வருஷமாக நாம் ஒரு கம்பெனிக்குச் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தோமா?

செப்டம்பர் 3. அதிகம் பங்களித்தவர்களில் ஒருவர் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி நோட்டீஸ் விட்டார். அவர் வாதம் ரொம்ப எளிது. நான் என் கோடை ஜிபிஎல் என்கிற பொது உரிமத்தின் கீழ் கொடுத்தேன். அந்த உரிமத்துக்கு ஒரே நிபந்தனை. என்னுடையதோடு எதைச் சேர்த்து வெளியிட்டாலும் சேர்ந்த மொத்தமும் திறந்திருக்க வேண்டும். மொஜாங்கின் பகுதி திறந்திருக்கிறதா? இல்லை. அப்படியானால் என் பகுதியைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. மொஜாங், எங்கள் கோடை அந்த உரிமத்தில் சேர்க்க நாங்கள் யாருக்கும் அனுமதி கொடுத்ததே இல்லை என்றது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் சிக்கல். பக்கெட்டின் சர்வரை யாரும் இறக்கிக்கொள்ள முடியாமல் போனது.

பன்னிரண்டே நாளில், செப்டம்பர் 15-ம் தேதி, அடுத்த செய்தி. மைக்ரோசாஃப்ட் மொஜாங்கை வாங்குகிறது. விலை 250 கோடி டாலர். பெர்சன் விலகுகிறார். தனக்கு இது காசு விஷயமில்லை, மன நிம்மதி விஷயம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த 250 கோடியில் மூட்டை கட்டியவரின் உழைப்பு எத்தனை டாலர்? பிஸ்டன் எத்தனை? பெயர் சூட்டியவர்களுக்கு எத்தனை? சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்காது. கம்பெனி யாருடையதோ, பணம் அவர்களுடையது. தாழ்ப்பாள் போட்ட வீட்டில் இதுதான் ஆபத்து. வருகிறவர்கள் எல்லாம் சொந்த வீடு மாதிரி நினைத்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கிணறு தோண்டுவார்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்கிற பேச்சு, வீடு விலைபோகிற அன்றைக்குத்தான் வரும்.

கெட்டிக்காரர்கள் மாற்று வழி கண்டுபிடித்தார்கள். பக்கெட்டின் கிளையான ஸ்பிகாட் குழு, இனி நாங்கள் சாம்பார் விற்கப் போவதில்லை, செய்முறை மட்டும்தான் தருவோம் என்றது. அவர்கள் தரும் கருவி, மொஜாங்கின் சர்வரை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இறக்கி, பிரித்து, திருத்தி, சேர்த்துக் கொடுத்துவிடும். விநியோகமே இல்லை. விதி மீறல் எங்கே?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. விரலால் திறக்கிற கதவில் திருடனும் வருவான். 2023 ஜூனில், பிரபலமான மாட் கிடங்குகளில் இருந்த சில மாட்களுக்குள் யாரோ வைரஸ் புகுத்திவிட்டார்கள். பாஸ்வேர்டுகளைத் திருடுகிற ரகம். மாட் என்பது வெறும் பொம்மை இல்லை, உங்கள் கம்ப்யூட்டரில் முழு அதிகாரத்தோடு ஓடுகிற ஒரு புரோகிராம் என்பது அன்றைக்குப் பல பெற்றோருக்கு முதல் தடவையாக உறைத்தது. உங்கள் பிள்ளை எங்கிருந்து எதை இறக்குகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்.

மைக்ரோசாஃப்ட் கதவை அறைந்து சாத்திவிடும் என்றுதான் பலரும் பயந்தார்கள். நடந்தது வேறு. 2019-ல், குழப்பியடித்த எழுத்துகளுக்கு அசல் பெயர்கள் என்னென்ன என்கிற பட்டியலை மொஜாங்கே வெளியிட ஆரம்பித்தது. 2025 அக்டோபரில், ஜாவா வடிவத்தில் இனிக் குழப்பியடிப்பதே இல்லை என்று அறிவித்துவிட்டது. தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து.

இடைப்பட்ட காலத்தில் 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி 30 கோடிப் பிரதிகள் விற்றிருந்தது.

இன்ஃபினிமைனர் திறந்துகிடந்து ஒரு மாதத்தில் போனது. மைன்கிராஃப்ட் இப்போது திறக்கிறது, ஒன்றும் ஆகாது. ஏன் என்றால் பத்திரம் யார் பெயரில் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. அந்தத் தெளிவு வருவதற்கு, தூக்கம் கெட்டு வேலை பார்த்த சில இளைஞர்கள் தங்கள் வேலை யாருடையது என்று நோட்டீஸ் அனுப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளை கிரீப்பர் மாதிரி சீறிக் காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அன்றைக்கு பெர்சன் இரண்டு எண்களையும் ஒழுங்காகப் போட்டிருந்தால் நமக்கு ஒரு நல்ல பன்றி கிடைத்திருக்கும் என்று சொல்லி வையுங்கள்.

அநேகமாக அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.